செத்த காலேஜும் கானாவூர்க் கல்யாணமும்

சென்னைச் சனங்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. ஊர்ப்புறத்திலிருந்து ரயிலேறிப் பட்டணம் பார்க்க வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். படித்தவர்கள் இதைப் பாமரத்தனம் என்று சிரித்துவிட்டு, 'அருங்காட்சியகம்' என்று திருத்தமாக எழுதினார்கள். எனக்கென்னவோ திருத்திய சொல்லைக் காட்டிலும் திருத்தப்படாத சொல்தான் விவரமானதாகப் படுகிறது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, வருமுன் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, வந்தபின் அந்த வேலை என்ன ஆயிற்று என்ற கேள்விகள் எதற்கும் 'அருங்காட்சி'யில் இடமில்லை. அரியது, காண்பதற்கு உரியது, அவ்வளவுதான். 'செத்த காலேஜ்' என்று சொன்னவர்களுக்கோ இரண்டு விஷயம் தெரிந்திருந்தது. ஒன்று, உள்ளே இருப்பதற்கு உயிர் போய்விட்டது. மற்றது, உயிர் போனதை வரிசையாக அடுக்கி வைத்து நமக்கு யாரோ பாடம் நடத்துகிறார்கள்.

இந்தச் சொல்லை உரசிப் பார்க்க உலகத்திலேயே பொருத்தமான இடம் பாரிஸின் லூவ்ர். 2018இல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் போய் வந்த இடம். 2024 அக்டோபரில் 22 யூரோ கொடுத்து நானும் போனேன். அங்கே பார்த்த எல்லாவற்றையும் பற்றி எழுதுவதற்கில்லை. பயணக் கட்டுரை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு மண்டபம், அதில் எதிரெதிராக இருக்கும் இரண்டு படங்கள், பக்கத்துக் கூடத்தில் ஒரு கல். இவை மூன்றும் அங்கே வந்து சேர்ந்த கதையைத்தான் பேச வேண்டும்.

மண்டபத்தின் பெயர் சால் தே ஸெத்தா. 1850களில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஆட்சி மன்றக் கூட்டங்களுக்காகக் கட்டியது. மோனாலிசா இங்கேதான் இருக்கிறாள். 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், நம் வீட்டுச் சுவரில் மாட்டும் தாத்தா படத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. குண்டு துளைக்காத கண்ணாடி, அதற்கு முன்னால் மரத்தடுப்பு, அதற்கு முன்னால் பட்டை கட்டிய வரிசைகள், தலைக்கு மேல் உயர்த்திய நூற்றுக்கணக்கான செல்போன்கள். முன்வரிசைக்கு வந்து சேர்ந்தவர்களைக் காவலர்கள் கையசைத்துப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திருப்பதியில் 'ஜருகண்டி, ஜருகண்டி' கேட்டவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கலை மதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று நம் சிற்றிதழ்களில் அடிக்கடி எழுதுகிறோம் அல்லவா, அதன் கர்ப்பக்கிரகம் இது. மூலவருக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள மட்டும் திருப்பதியில் விடமாட்டார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எதிர்ச் சுவர் முழுக்க இன்னொரு படம். லூவ்ரிலேயே ஆகப் பெரிய ஓவியம்: 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம். வெரோனீஸ் வரைந்த 'கானாவூர்க் கல்யாணம்'. திராட்சரசம் தீர்ந்துபோன வீட்டில் இயேசு தண்ணீரை ரசமாக்கிய கதை. ஏறத்தாழ 130 உருவங்கள். நடுவில் இயேசு, அவருக்கு நேர் மேலே, மாடத்தில், ஒருவன் கறி வெட்டிக்கொண்டிருக்கிறான். கீழே வாத்தியக்காரர்கள், அந்த வாத்தியக்காரர்களில் வெரோனீஸும் தித்தியானும் இருப்பதாக ஒரு பழைய பேச்சு. இடது ஓரத்தில் மாப்பிள்ளைக்குக் கோப்பை நீட்டும் கறுப்பினச் சிறுவன் ஒருவன். வாத்தியக்காரர்களுக்குப் பெயர் தேடிய கலை வரலாறு அவனுக்குப் பெயர் தேடவில்லை. இத்தனை பெரிய கல்யாணத்துக்கு ஆள் இல்லை. மண்டபத்தில் நின்ற கூட்டம் மொத்தமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த் திசையில் நெருக்கிக்கொண்டிருந்தது.

இந்த முதுகுகளை ரசனைக் குறைவு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். சுற்றுலாப் பயணியைக் கேலி செய்வது படித்தவர்களின் பழைய பொழுதுபோக்கு. எனக்கு அதில் விருப்பம் இல்லை. நானும் அதே வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றவன்தான். கூட்டத்தை அப்படி நிற்க வைத்தது ஒரு வரலாறு. இரண்டு படங்களில் எதை நோக்கி முகம் திரும்ப வேண்டும், எதற்கு முதுகு என்பதைத் தீர்மானித்ததில் ஒரு ராணுவத்துக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கும் பங்கு உண்டு.

*

வெனிஸ் நகருக்கு எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் சான் ஜோர்ஜியோ மஜ்ஜோரே என்றொரு தீவு. அங்கே பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கட்டியவர் பல்லாடியோ. 1562இல் துறவிகள் வெரோனீஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள்: கூடத்தின் கோடிச் சுவரை நிறைத்து ஒரு படம் வேண்டும். கூலி 324 டுகாட், வேலை நடக்கும் காலத்தில் சாப்பாடு, அதோடு ஒரு பீப்பாய் ஒயின். மறு ஆண்டே படம் முடிந்தது. கூடத்தில் துறவிகள் பேசாமல் சாப்பிடுவார்கள். தலைக்கு மேல் இருந்த சுவரில் இரைச்சலும் இசையுமாக ஒரு விருந்து நடந்துகொண்டிருக்கும். படத்தில் இருக்கும் தூண்களும் கூடத்தின் கட்டடமும் ஒன்றோடொன்று சேர்ந்து பேசும்படி அமைந்தவை. வெளிச்சம் எந்தப் பக்க ஜன்னலிலிருந்து விழும், பார்க்கிறவன் எந்த உயரத்தில் உட்கார்ந்திருப்பான் என்ற கணக்கெல்லாம் போட்டு வரைந்தது. 234 வருஷம் அந்தப் படம் அங்கே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

1797இல் பொனபார்த்தின் படை வெனிஸுக்குள் வந்தது. வெனிஸ் குடியரசோடு போட்ட உடன்படிக்கையில் 20 ஓவியங்களும் 500 கையெழுத்துப் பிரதிகளும் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து. போப்பாண்டவரிடம் அதற்கு முன்பே 100 கலைப்பொருள்களும் 500 கையெழுத்துப் பிரதிகளும் எழுதி வாங்கியாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது, யாரும் திருடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், ரசீது இருக்கிறது. எதிராளி துப்பாக்கியைக் கீழே வைக்காமலே போடும் கையெழுத்தும் கையெழுத்துதான் என்பது சர்வதேசச் சட்டத்தின் பழைய பாடம். கானாவூர்க் கல்யாணத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். அந்த அளவு துணி எந்த வண்டியிலும் ஏறாது. துண்டாக வெட்டிச் சுருட்டி, பாரிஸில் கொண்டுவந்து தைத்துக்கொண்டார்கள்.

1798 ஜூலையில் பாரிஸ் வீதிகளில் இத்தாலியப் பொருள்களின் ஊர்வலம் நடந்தது. வெனிஸ் சான் மார்க்கோ கோயிலின் மேலிருந்த நான்கு வெண்கலக் குதிரைகள் அதில் முக்கியமான காட்சி. அந்தக் குதிரைகளை வெனிஸ்காரர்களே 1204இல், சிலுவைப் போரின் பெயரால் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியபோது எடுத்து வந்தவர்கள். ஆகவே பறிகொடுத்தவன் எல்லாம் நிரபராதி என்று கதை கட்ட நான் வரவில்லை. ஊர்வலத்தில் சிங்கங்களும் ஒட்டகங்களும்கூடப் போயின. சென்னைச் சனங்கள் பார்த்திருந்தால் உயிர் காலேஜும் செத்த காலேஜும் ஒரே தெருவில் போகிறது என்றிருப்பார்கள்.

இதையெல்லாம் செய்தது மன்னராட்சி அல்ல, புரட்சியின் குடியரசு. நமக்கு நெருக்கடி அங்கேதான். லூவ்ர் மியூசியமாகத் திறக்கப்பட்ட நாள் 1793 ஆகஸ்ட் 10. மன்னராட்சி விழுந்த நாளின் முதலாண்டு நிறைவு. அரண்மனைச் சொத்தையும் திருச்சபைச் சொத்தையும் நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் சொத்தையும் எடுத்து, இது இனிச் சனங்களுடையது, காசில்லாமல் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். புரட்சிக் காலண்டரின் பத்து நாள் வாரத்தில் மூன்று நாள் பொதுமக்களுக்கு. இதன் மகத்துவத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வரலாற்றிலிருந்து வருகிற எவருக்கும், அரசனின் கூடத்துக்குள் செருப்புக் காலோடு சனங்கள் நடந்துபோன அந்த ஆகஸ்ட் 10இன் அர்த்தம் புரியும். ஆனால் 'இது சனங்களுடையது' என்ற அதே வாக்கியம் நான்கே வருஷத்தில் 'உலகத்தில் உள்ளதும் நம்முடையது' என்று நீண்டுவிட்டது. அதற்கு ஒரு கருத்தியலும் கட்டமைக்கப்பட்டது: கலை சுதந்திரத்தின் குழந்தை, சுதந்திரம் இப்போது பிரான்ஸில் வாழ்கிறது, ஆகவே கலை தன் வீட்டுக்குத்தான் வருகிறது. விடுதலையின் சொல்லாடல் கொள்ளையின் சொல்லாடலாக மாறுவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால், இங்கே கணக்கு நாலு.

அப்போதே இதைத் தப்பு என்று சொன்ன பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார்: கத்ருமேர் த கான்சி. 1796இல் அவர் எழுதிய கடிதங்களின் சாரம் இது: ரோம் நகரம் என்ற மியூசியத்தில் சிலைகள் மட்டும் இல்லை, அந்த மண், மலை, பாதை, வெளிச்சம், அங்கேயே கேட்கக் கிடைக்கிற நினைவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அதிலிருந்து ஒன்றைப் பெயர்த்தால் பெயர்த்ததும் செத்தது, விட்டு வந்ததும் ஊனம். அவர் மன்னராட்சியின் பக்கம் சாய்ந்தவர், பிற்போக்கு என்று நம் அளவுகோலில் ஒதுக்கிவிடலாம். இருக்கட்டும். எழும்பூரில் பேர் வைத்த சனங்களும் பாரிஸில் கடிதம் எழுதிய இந்த மனிதரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

1815இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபின், பொருளுக்கு உரியவர்கள் வந்து கேட்டார்கள். போப்பின் சார்பில் சிற்பி கனோவாவே வந்தார். மியூசியத்தின் இயக்குநர் தெனோன் முடிந்தவரை ஒளித்தார், இழுத்தடித்தார், வாதாடினார். இத்தாலியிலிருந்து போன ஓவியங்களில் ஏறத்தாழப் பாதி திரும்பின. சான் மார்க்கோவின் குதிரைகள் வெனிஸுக்குப் போய்விட்டன. கானாவூர்க் கல்யாணம் போகவில்லை. படம் ரொம்பப் பெரியது, நலிந்தது, இன்னொரு பயணத்தைத் தாங்காது என்றார்கள். பதிலுக்கு ல ப்ரூன் வரைந்த ஒரு விருந்துப் படத்தைக் கொடுத்தனுப்பினார்கள், பரிசேயனான சீமோன் வீட்டில் இயேசு சாப்பிடுகிற படம். விருந்துக்கு விருந்து சரியாப் போச்சு!

பயணம் தாங்காது என்று சொல்லப்பட்ட படம் 1870இல் பிரஷ்யப் படை வந்தபோது பெட்டிக்குள் வைத்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போய் வந்தது. இரண்டாம் உலகப் போரில் சுருட்டி லாரியில் ஏற்றி ஊர் ஊராக ஒளித்தார்கள். இரண்டு பயணத்தையும் தாங்கியது. 1992இல் அதைக் கிழித்தது வேறு. மறுசீரமைப்பின்போது, லூவ்ரின் சொந்த மண்டபத்தில், மாட்டுவதற்குத் தூக்கும்போது தாங்கி சரிந்து விழுந்து ஐந்து இடத்தில் கிழிந்தது.

*

இனி எதிர்ச் சுவர். மோனாலிசாவை யாரும் கொள்ளையடித்து வரவில்லை. லியோனார்தோ 1516 வாக்கில் பிரான்ஸுக்கு வந்தபோது தானே கொண்டுவந்தார். 1519இல் அங்கேயே இறந்தார். படம் முதலாம் பிரான்ஸுவா அரசரின் சேகரிப்பில் சேர்ந்தது. 1911வரை அது மதிப்பான ஒரு படம், அவ்வளவே. 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, மியூசியத்துக்கு வார விடுமுறை. அன்று அது காணாமல் போனது. மறுநாள் மதியம்வரை காணவில்லை என்பதே தெரியவில்லை. புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் உலகம் முழுக்க அந்த முகத்தை அச்சடித்தன. மியூசியம் திரும்பத் திறந்தபோது வெறும் சுவரையும் அதில் இருந்த ஆணிகளையும் பார்ப்பதற்குச் சனங்கள் வரிசையில் நின்றார்கள். அந்தச் செப்டம்பரில் பாரிஸ் வந்த காஃப்காவும் அவரது நண்பர் மாக்ஸ் ப்ராடும் அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் போனவர்கள்தான். காஃப்காவுக்கு இதைவிடப் பொருத்தமான ஓவியம் லூவ்ரில் இருந்திருக்க முடியாது. இன்றைய வரிசையின் நீளத்துக்கு விதை அங்கே விழுந்தது. போலீஸ் கவிஞர் அப்போலினேரைப் பிடித்து உள்ளே வைத்தது, பிக்காஸோவை விசாரித்தது. இருவரும் வெளிநாட்டுப் பிறவிகள் என்பது சும்மா வந்த சேர்க்கை இல்லை.

எடுத்தவர் வின்செஞ்சோ பெருஜ்ஜியா. வட இத்தாலியில் தூமெஞ்சா என்ற சிற்றூரில் பிறந்தவர், பாரிஸுக்குப் பிழைக்க வந்த சுவர்ப் பூச்சுக்காரர், கண்ணாடி வேலைக்காரர். லூவ்ரின் ஓவியங்களுக்குக் கண்ணாடி போட ஒப்பந்தம் எடுத்தவர்களிடம் வேலை செய்தவர். மியூசியத்துச் சிப்பந்திகள் அணியும் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, மாடிப்படி மறைவில் சட்டத்தைக் கழற்றிவிட்டு நடந்தார். இடையில் ஒரு கதவு பூட்டியிருந்தது. அந்த வழியாக வந்த குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் நம்ம ஆள்தானே என்று சாவி போட்டுத் திறந்துவிட்டார். மியூசியத்தை மூடிய நாளில்தான் தொழிலாளிகள் உள்ளே இருப்பார்கள்; அங்கியைத் தவிர அவர்களுக்கு முகம் கிடையாது. படச் சட்டத்துக் கண்ணாடியில் கட்டைவிரல் ரேகை இருந்தது. பெருஜ்ஜியாவோ ஏற்கனவே சிறு வழக்குகளில் சிக்கி, உடம்பை அங்குல அங்குலமாக அளந்து அட்டையில் பதியும் பெர்த்தியோனின் புகழ்பெற்ற ஆவணக் காப்பகத்துக்குள் இருந்தவர். இருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அறைக்கே போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. பொருள்களை அட்டவணையிடும் லூவ்ரும் ஏழைகளை அட்டவணையிடும் போலீஸும் ஒரே நாளில் தோற்ற கதை அது.

இரண்டு வருஷத்துக்கு மேல் படம் அவர் அறையில், ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. 1913 டிசம்பரில் ஃபுளோரென்ஸுக்குக் கொண்டுபோய் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் காட்டினார், பிடிபட்டார். அவர் சொன்ன காரணம்: நெப்போலியன் இத்தாலியிடமிருந்து திருடியதை இத்தாலிக்கே திருப்பிக் கொடுக்க வந்தேன். பாரிஸில் சக தொழிலாளிகள் தன்னை 'மக்ரோனி தின்னி' என்று கேலி செய்ததையும் விசாரணையில் சொன்னார். அவரைத் தியாகியாக்க வேண்டியதில்லை. ஐந்து லட்சம் லிரா கேட்டவர். ஆனாலும் நீதிமன்றம் ஒரு வருஷம் பதினைந்து நாள் என்று போட்ட தண்டனை மேல்முறையீட்டில் ஏழு மாதமாகக் குறைந்தது. ஃபுளோரென்ஸ் மக்கள் சிறைக்குத் தின்பண்டம் அனுப்பினார்கள்.

கலை வரலாற்றுப் புத்தகங்கள் பெருஜ்ஜியாவின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கின்றன. படம் வாங்கப்பட்டது, கொள்ளையடிக்கப்பட்டது இல்லை என்பதுகூடத் தெரியாத கூலிக்காரன். சிரிப்பு நியாயமானதுதானா? நெப்போலியனின் படை இத்தாலியப் படங்களை வண்டி வண்டியாக ஏற்றிப் போனது என்பது அவர் மனதில் இருந்த நினைவு. அந்த நினைவில் பிழை இல்லை. அது போய் ஒட்டிக்கொண்ட படம்தான் தப்பு. இன்று அதே மண்டபத்தில், அதன் எதிரே, அவர் சொன்ன குற்றச்சாட்டு அட்சர சுத்தமாகப் பொருந்தக்கூடிய படம் 67 சதுர மீட்டருக்குத் தொங்குகிறது. ஆனால் அதை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போக எந்தத் தொழிலாளியாலும் முடியாது. அதற்கு ஒரு படை வேண்டும், ஒரு உடன்படிக்கை வேண்டும், மாட்டிவைக்க ஒரு அரண்மனையும் வேண்டும்.

ஒரு மொழிப் பிரச்சினையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெருஜ்ஜியாவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகவே 'அவன்' என்று எழுதுகிறது. 'அவன் திருடிக்கொண்டு போனான்.' நெப்போலியன் என்றதும் அதே கை 'அவர் எடுத்துச் சென்றார்' என்று எழுதுகிறது. நம் வினைமுற்றிலேயே தீர்ப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் கட்டுரையில் இருவருக்கும் 'அவர்' போட்டிருக்கிறேன். வாசிக்கும்போது உறுத்தினால் எங்கே உறுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

*

அந்த மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் அப்பொல்லோ கூடம். கூரை முழுக்கப் பொன். பிரெஞ்சு அரச நகைகள் இருந்த இடம். அங்கே கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை வைரம்: 'ரீஜெண்ட்', 140 காரட்டுக்கு மேல். அதன் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன், காரணம் வேறொன்றுமில்லை, அது நம்ம ஊர் வழியாகப் போனது.

கோல்கொண்டா வட்டாரத்தில், கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்த கல். வெட்டுமுன் 410 காரட். 1702இல் அதை வாங்கியவர் தாமஸ் பிட், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1707இல் கருப்பர் நகரத்தில் இடங்கை, வலங்கைச் சண்டை மூண்டபோது நடுவில் நின்று தெருத் தெருவாகச் சாதி பிரித்த அதே பிட்தான். ஜம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் பேரம் பேசி 48,000 வராகனுக்கு முடித்தார். மகன் வழியாக லண்டனுக்கு அனுப்பி வெட்டவைத்து, 1717இல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதி ஒர்லேயான் கோமகனுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். வாங்கியது சுமார் 20,400 பவுனுக்கு. அந்தக் காசில் நிமிர்ந்த குடும்பத்திலிருந்து பிற்பாடு இங்கிலாந்துக்கு இரண்டு பிரதம மந்திரிகள் வந்தார்கள். சுரங்கத்தில் அதைக் கண்டெடுத்த அடிமை தன் காலைக் கிழித்து அந்தப் புண்ணுக்குள் கல்லை மறைத்துக் கொண்டுவந்தான், கப்பல்காரன் அவனைக் கொன்று கல்லைப் பறித்தான் என்று ஒரு கதை உண்டு. கதைதான், நிரூபணம் இல்லை. பிட் மட்டும் தான் நேர்மையாக விலை கொடுத்து வாங்கியதாக 1710இல் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்தார். யாரும் சந்தேகப்படாத மனிதன் அப்படி எழுதி வைப்பானா?

இந்தக் கல்லுக்கும் கானாவூர்க் கல்யாணத்துக்கும் இன்னொரு சொந்தம் உண்டு. புரட்சிக்குப் பின் வந்த டைரக்டரி ஆட்சியில், இத்தாலியின் படங்கள் வண்டியேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ராணுவச் செலவுக்காக ரீஜெண்ட் அடகு வைக்கப்பட்டது. 1801இல் நெப்போலியன் மீட்டு, தன் வாளின் கைப்பிடியில் பதித்துக்கொண்டார். சென்னையில் பேரம் முடிந்த கல் ஐரோப்பியப் படைகளின் குதிரைக்கும் லாடத்துக்கும் ஜாமீனாக நின்றிருக்கிறது. உலக வரலாறு என்பது தனித்தனி அறைகளில் இல்லை. லூவ்ர்தான் அதை அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கிறது, இத்தாலிய ஓவியம் ஒரு பக்கம், பிரெஞ்சு நகை ஒரு பக்கம்.

2025 அக்டோபர் 19, ஞாயிறு காலை, நான்கு பேர் ஒரு ஏணி லாரியோடு வந்தார்கள், அவர்களில் இருவர் ஆற்றுப் பக்கத்து ஜன்னலை உடைத்து இந்தக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். சில நிமிஷம்தான். எட்டு நகைகள் போயின, 8.8 கோடி யூரோ என்று மதிப்புப் போட்டார்கள். போனவற்றில் ஒரு நீலக்கல் மகுடம். அதில் 24 இலங்கை நீலக்கற்கள். ரீஜெண்டை அவர்கள் தொடவில்லை. மிஞ்சிய விலையுயர்ந்த நகைகள் சில பிரான்ஸ் வங்கியின் பாதாள அறைக்குப் போய்விட்டன. தேசத்தின் நினைவில் காயம் என்று பிரான்ஸ் முழுக்கப் பேசினார்கள். காயம்தான், நான் மறுக்கவில்லை. திருடியவர்கள் கல்லைப் பிரித்து, பொன்னை உருக்கிவிட்டால் பிறகு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அந்த நீலக்கற்கள் இலங்கை மண்ணிலிருந்து எப்படிப் புறப்பட்டன, யார் தோண்டினார்கள் என்பது நினைவின் எந்தப் பகுதியில் இருந்தது, அங்கே காயம் உண்டா என்று கேட்கிற பத்தியை நான் படித்த செய்திகளில் காணவில்லை.

*

பாரிஸில் நான் தங்கியது லா சப்பல் பக்கம், ஈழத்து நண்பர் ஒருவர் வீட்டில். பத்தாம் வட்டாரம். பெருஜ்ஜியாவின் அறையும் இதே பத்தாம் வட்டாரத்தில்தான் இருந்தது, நடந்து போகிற தூரம். அன்று இத்தாலியர்கள் வந்து தங்கிய மாதிரியான தெருக்களில் இன்று நம் ஆட்கள். நண்பர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். லூவ்ருக்கு வருகிறீர்களா அண்ணை என்று கேட்டேன். "இருவத்தஞ்சு வருசமா ஏழாம் லைன் மெட்ரோவில அதுக்குக் கீழாலதான் வேலைக்குப் போறன் தம்பி. உள்ளுக்க ஒருக்காவும் போகேல்லை" என்றார். ஏன்? "எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை. அவைக்கும் லீவு செவ்வாய்தான்."

1966இல் பூர்தியு, ஐரோப்பிய மியூசியங்களுக்கு யார் போகிறார்கள் என்று கணக்கெடுத்து ஒரு புத்தகம் போட்டார். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் படிப்பும் வீட்டுச் சூழலும் யாருக்குக் காலைத் தூக்கி உள்ளே வைக்கும் துணிச்சலைக் கொடுத்திருக்கிறதோ அவர்களே போகிறார்கள், மற்றவர்கள் அது தமக்கானதல்ல என்று தாமே ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது அவர் வந்து சேர்ந்த இடம். நண்பரின் செவ்வாய்க்கிழமை அந்தப் புள்ளிவிவரத்துக்குள் அடங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒதுங்கியவர் இல்லை, விசாரித்து வைத்திருப்பவர்.

காசில்லாமல் திறந்த லூவ்ர் 1922இல் நுழைவுக் கட்டணம் வைத்தது. 2026 ஜனவரி 14 முதல் கட்டணம் இரண்டு விதம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்தவருக்கு 22 யூரோ. வெளியிலிருந்து வருகிறவருக்கு 32. மியூசியத்துத் தொழிற்சங்கங்களே இதைப் பாகுபாடு என்று எதிர்த்தன. 'நாம் மட்டும் என்ன யோக்கியமா, மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரனிடம் பல மடங்கு வாங்கவில்லையா' என்று கேட்கலாம். வாங்குகிறோம், அதுவும் கூசத்தான் வேண்டும். ஆனால் மாமல்லபுரத்துப் பாறை அங்கேயே முளைத்தது. அது எந்த வெள்ளைக்காரனின் ஊரிலிருந்தும் வந்ததல்ல; உலகத்துக்கெல்லாம் பொதுவானது என்று சொல்லி யாரிடமிருந்தும் வாங்கி வைக்கப்பட்டதும் அல்ல. லூவ்ர் தன்னை 'உலகளாவிய மியூசியம்' என்று அழைத்துக்கொள்கிறது. 2002இல் ஐரோப்பிய, அமெரிக்கப் பெரிய மியூசியங்கள் சேர்ந்து விட்ட அறிக்கையில் லூவ்ரும் கையெழுத்திட்டிருக்கிறது: தாங்கள் ஒரு தேசத்துக்கு மட்டுமல்ல, எல்லாத் தேசத்து மக்களுக்கும் பணி செய்கிறோம், ஆகவே பழையதைத் திருப்பிக் கேட்பதை அந்தக் காலத்து அளவுகோலால் பார்க்க வேண்டும் என்பது அதன் வாதம். பொருளைத் திருப்பிக் கேட்டால், அது மனித குலத்துக்குப் பொது. அதே பொருளைப் பார்க்கப் போனால், பாஸ்போர்ட்டைக் காட்டு. சென்னையிலிருந்து போன கல்லுக்கு விசா கேட்டதில்லை. கல்லைப் பார்க்கப் போகிற சென்னைக்காரருக்கு விசாவும் வேண்டும், மேலே பத்து யூரோவும் வேண்டும்.

மோனாலிசாவுக்குத் தனி அறை, தனி நுழைவு, தனிச் சீட்டு என்று 2025 ஜனவரியில் மக்ரோன் அறிவித்தார். 2031க்குள் முடிக்கத் திட்டம். அது நடந்தால் சால் தே ஸெத்தாவில் கூட்டம் இருக்காது, கானாவூர்க் கல்யாணத்துக்கு முதுகு காட்டவும் ஆள் இருக்காது.

வெனிஸில் இதற்கிடையே வேறொன்று நடந்தது. படத்தை லூவ்ரிலேயே அளந்து, ஒளிவருடி, தூரிகைத் தடம்வரை நகலெடுத்தார்கள் மாட்ரிட்டைச் சேர்ந்த ஃபாக்டும் ஆர்ட்டே பட்டறைக்காரர்கள். 2007 செப்டம்பரில், படம் இறக்கப்பட்டு 210 வருஷம் கழித்து, அந்த நகல் சான் ஜோர்ஜியோ தீவின் சாப்பாட்டுக் கூடத்தில் பழைய சுவரில், பழைய உயரத்தில் ஏறியது. பல்லாடியோவின் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. தூண்கள் தூண்களோடு சேர்கின்றன. அசலுக்கு மட்டுமே உண்டென்று நாம் பெஞ்சமினிடம் படித்த அந்த ஒளிவட்டம் இப்போது நகலிடம் போய்விட்டதா என்று அந்த ஓவியத்தை முன்வைத்தே புரூனோ லத்தூர் ஒரு கட்டுரை எழுதினார், நகலெடுத்த ஆடம் லோவுடன் சேர்ந்து. 1815இல் பதிலுக்குக் கொடுத்த ல ப்ரூனின் விருந்து வெனிஸின் அகாதெமியா மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.